பால்பாண்டி அண்ணனும் முன்சக்கரத்து எண்ணெயும்

இப்படிப் பயப்படுகிற டிரைவரை வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர முடியுமா என்று நான் பலமுறை வாய்விட்டே கேட்டிருக்கிறேன். பால்பாண்டி அண்ணனின் காதுபடத்தான் கேட்பேன். அவர் முன்சக்கரத்துக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் செட்டியார்பட்டிக்காரர். நான் ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம். பெயர் சுயம்புலிங்கம். இராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளி வீட்டில் அவர் டிரைவர், நான் சமையல்காரன். முதலாளி எண்பத்தேழில் தூத்துக்குடி துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்த வெளிநாட்டு வண்டி ஒன்றை எடுத்துவந்தார். அதற்குள் இரண்டு கட்டில், கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, ஒரு சின்னக் கக்கூஸ்கூட இருந்தது. ஊரே அதற்கு வீட்டு வண்டி என்று பேர் வைத்துவிட்டது. ராமேஸ்வரம், பழனி, திருப்பதி என்று முதலாளி வீட்டார் எங்கே போனாலும் முன்னால் அண்ணன் ஓட்டுவார், நிறுத்துகிற இடத்தில் நான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

நம் ஊர் லாரிகளில் சக்கரத்து பேரிங்குக்கு கிரீஸ் அடைப்பார்கள். இந்த வண்டியின் முன்சக்கரங்களுக்கு எண்ணெய். ஹப்பின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி மூடி, அதில் ஒரு கோடு. சமதரையில் வண்டியை நிறுத்திச் செத்த நேரம் கழித்துப் பார்த்தால் எண்ணெய் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். கண்ணாடியின் நடுவே ஒரு ரப்பர் அடைப்பான், அதில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஓடும்போது உள்ளே சூடாகிற காற்று அதன் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். எண்ணெய் குறைந்திருந்தால் அண்ணன் ரப்பரைப் பிடுங்கிவிட்டு கியர் ஆயில் ஊற்றுவார். அதுவும் காதுக்கு மருந்து விடுகிற மாதிரி. கெட்டி எண்ணெய் பேரிங்குக்குள் இறங்க நேரம் எடுக்குமாம். கொஞ்சம் ஊற்றுவார், ஒரு பீடி முடிகிற வரை காத்திருப்பார், கோட்டைப் பார்ப்பார், மறுபடி கொஞ்சம் ஊற்றுவார். அதற்குள் என் சோறு குழைந்துபோகும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

"பொண்டாட்டி மூஞ்சியை இம்புட்டு நேரம் பாத்திருக்கியளாண்ணே?" என்பேன்.

"அவ முறைச்சா சமாளிச்சிருவேன்லே. இது முறைச்சா ஆளு மிஞ்சாது" என்பார். சிரிக்காமல்தான் சொல்வார்.

அவருடைய பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. எண்பத்திரண்டில் பஞ்சு லாரி ஓட்டியபோது, கிருஷ்ணன்கோவில் பக்கம் பேரிங் தீய்ந்து முன்சக்கரம் கழன்றுவிட்டது. கழன்ற சக்கரம் லாரிக்கு முன்னால் ஓடி, ரோட்டோரம் வெள்ளரிக்காய் விற்ற பெண்ணின் கூடையையும் அவள் உட்கார்ந்திருந்த பலகையையும் நொறுக்கிப் போட்டது. அந்தப் பெண் தண்ணீர் குடிக்க அப்போதுதான் எழுந்து போயிருந்தாள். அண்ணன் அவள் காலில் விழுந்து அழுதாராம். அன்று முதல் எந்த வண்டியில் ஏறினாலும் சக்கரம் கழன்று ஓடுவது கண்ணுக்குள் வரும் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் அதற்கும் ஏதோ கேலி பேசினேன்.

தொண்ணூற்றொன்றில் ஆயுத பூஜை. வண்டிக்குப் பொட்டு வைக்கிற வேலை எப்போதும் அண்ணனுடையது. அவர் கண்ணாடியைத் தொடாமல் சுற்றியிருக்கிற இரும்பில் நான்கு பொட்டு வைப்பார். பார்க்க அழகாகவே இருக்காது. அந்த வருஷம் முதலாளியம்மா அவரை வாழைக்கன்று வாங்கிவர அனுப்பிவிட்டார். சந்தனம் அரைத்தவன் நான். சும்மா சொல்லக்கூடாது, வெண்ணெய் மாதிரி அரைத்திருந்தேன். அந்தக் கண்ணாடி வட்டத்தைப் பார்த்தேன். பொட்டு வைப்பதற்கென்றே செய்துவைத்த மாதிரி இருந்தது. இரண்டு சக்கரத்திலும் கண்ணாடி முழுக்க அப்பி, நடுவில் கட்டைவிரலால் அழுத்திக் குங்குமம் வைத்தேன். முதலாளியம்மா பார்த்துவிட்டு, "இந்த வருஷம்தான் வண்டிக்கு லட்சணமே வந்திருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த நாள் விஜயதசமி. அதற்கு மறுநாள் காலையில் பயணம். முதலாளியம்மாவின் மகள் பிரசவத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவரையும் குழந்தையையும் கொல்லத்தில் மருமகன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாள் சந்நிதியில் குழந்தையைக் காட்டிவிட்டு, அப்படியே திரும்பித் தென்காசி வழியாகப் போவதாக ஏற்பாடு.

தேரடிப் பக்கம் வண்டியை நிறுத்தியதும் அண்ணன் வழக்கம்போல் குத்தவைத்தார். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்துபோன சந்தனம். கோயிலிலிருந்து வெளியே வந்த முதலாளியம்மாவிடம் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அம்மா, எண்ணெய் தெரிய மாட்டேங்கி. இதைக் கொஞ்சம் துடைச்சுக்கிடட்டா?"

"வத்து, வத்து" என்று அவர் வீட்டில் பேசுகிற தெலுங்கிலேயே, வேண்டாம் வேண்டாம் என்று பதறினார். "பூஜை பண்ணி வச்ச பொட்டை நாமளா அழிக்கலாமா? அதுவா உதிரணும். கைக்குழந்தை வேற வருது. போய்ச் சேர்ற வரைக்கும் அதுதான் நமக்குக் காவல்."

எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அண்ணனுக்கும் சாமி பயம் நிறைய உண்டு. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். ஏறும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

புளியங்குடியில் நிறுத்தி இடது ஹப்பைத் தொட்டவர் கையை வெடுக்கென்று எடுத்தார். செங்கோட்டையில் நிறுத்தியபோது மூக்கை உறிஞ்சி, ஏதோ தீய்கிறது என்றார். "என் சாம்பார் வாடைண்ணே" என்று நான் சிரித்தேன். அவர் மறுபடியும் முதலாளியம்மாவிடம் போய் நின்றார். இந்தத் தடவையும் அவர் கூடாது என்றார், நானும் அவரோடு சேர்ந்துகொண்டேன். "ஒரு பொட்டுல என்னண்ணே கெட்டுப்போச்சு? நல்ல நாளும் அதுவுமா அழிச்சே தீரணுமா?" என்றேன். அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு ஏறி வண்டியை எடுத்தார்.

ஆரியங்காவு தாண்டி இறக்கம் தொடங்கியது. முதலாளியம்மா முன்கட்டிலில் இருந்தார். மகள் குழந்தையை மடியில் போட்டிருந்தார். நான் பாத்திரங்கள் உருளாமல் கையால் அணைத்துக்கொண்டு நின்றேன். முதல் வளைவில் அண்ணன் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்பதற்குப் பதிலாக வலது பக்கம் இழுத்துக்கொண்டு போனது. வலது பக்கம் பள்ளம். கீழே மரங்களின் தலைதான் தெரிந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி ரோட்டுக்கு வந்தது, ஆனால் வேகம் கூடியது. மறுபடி மிதித்தார். மறுபடி பள்ளத்துப் பக்கம் இழுத்தது.

"எல்லாரும் தரையில உக்காருங்க! பிள்ளையைக் கெட்டியா பிடிங்க!"

அந்தக் குரலை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. செத்தோம் என்று நினைத்தேன், வேறு ஒன்றும் நினைக்கவில்லை. கியர் கடகடவென்று கத்தியது. இடது பக்கம் மலையை வெட்டிய மண்சுவர் ஜன்னலுக்கு நெருங்கி வந்து, தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. அண்ணன் வேண்டுமென்றே வண்டியைச் சுவரில் உரசிக்கொண்டு போனார். இருநூறு அடி தூரம் இருக்கும். ஒரு பாறையில் முட்டி வண்டி நின்றது. குழந்தை அப்போதுதான் அழுதது.

அண்ணன் இறங்கினார். யாரையும் கேட்காமல் துண்டால் இடதுசக்கரத்துக் கண்ணாடியைத் துடைத்தார். உள்ளே சொட்டு எண்ணெய் இல்லை. எல்லாம் ஹப்பின் பின்பக்கம் எண்ணெய் கசியாமல் அடைத்துநிற்கிற சீல் என்ற ரப்பர் வளையத்தைப் பிதுக்கிக்கொண்டு பிரேக் டிரம்முக்குள் போயிருந்தது, டயரின் உட்புறம் முழுக்க வழிந்து கிடந்தது. அதனால்தான் இடது பிரேக் பிடிக்காமல் வண்டி வலது பக்கம் இழுத்திருக்கிறது. வலது சக்கரத்துக்குப் போய் ரப்பரைப் பிடுங்கினார். புஸ்ஸென்று காற்றும் எண்ணெயும் அவர் முகத்தில் அடித்தன. காற்று போக வழியில்லாமல் உள்ளேயே முட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து அந்தச் சின்ன ஓட்டையைக் குடைந்தார். காய்ந்த சந்தனம் கட்டியாக வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

முதலாளியம்மா வண்டியிலிருந்து இறங்கி வந்தார். "எண்ணெய் இல்லையா? தினம் தினம் உக்காந்து பார்த்தியே, என்னத்தைப் பார்த்தே? என் பேரப்பிள்ளையைக் கொல்லப் பார்த்தியே, பாவி!"

அண்ணன் உள்ளங்கையை மூடிக்கொண்டார். "என் தப்புதாம்மா" என்றார்.

பொட்டு வைத்தவன் நான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த வழியாக வந்தவர்கள் ஒரு ஜீப்பைப் பிடித்து எங்களைக் கொல்லத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். அண்ணன் மட்டும் வண்டியோடு நின்றார். பிதுங்கிய சீலைத் தகரம் வைத்து அடைத்து, எண்ணெய் ஊற்றி, டிரம்மைப் பெட்ரோலால் கழுவி, காலி வண்டியை முதல் கியரிலேயே ஊருக்குக் கொண்டுவந்தாராம். வந்த அன்றே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நாங்கள் கொல்லத்திலிருந்து திரும்பியபோது வண்டி கொட்டகையில் நின்றது, அவர் இல்லை.

ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு சமையற்கட்டிலிருந்து கூடம் வரைக்கும் போவேன். முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்ததும், "மத்தியானத்துக்கு என்ன வைக்கட்டும்மா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்றவன், வேலை போனால் என்ன செய்வேன் என்று மனசுக்குள் நியாயம் பேசினேன். பயம், அவ்வளவுதான்.

விபத்து நடந்து எட்டாம் நாள் புது டிரைவர் வந்தான். மறுநாள் மதுரைக்குப் பயணம், நானும் போக வேண்டும். பிதுங்கிய சீலுக்குப் பதில் புதுசு போட்டாயிற்றா என்று அவனிடம் கேட்டேன். "எண்ணெய்தான் கோடு வரைக்கும் நிக்கே, பொறவு என்ன?" என்றான். அண்ணன் தகரம் போட்டு அடைத்த பழைய சீல் அது, எத்தனை மைலுக்குத் தாங்கும்? அன்று சாயந்தரமே முதலாளியம்மா முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நியாயத்துக்காகச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த வண்டியில் ஏற வேண்டியவன் நான் என்பதால் சொன்னேன்.

"நான்தானே அழிக்க வேண்டாம்னேன்" என்றார் அவர். "போய் பால்பாண்டியைக் கூட்டிட்டு வா."

விடிந்ததும் செட்டியார்பட்டிக்கு ஓடினேன். அவர் மனைவி வெள்ளத்தாய் வாசலிலேயே மறித்தாள். "அவிய இப்பத்தான் ரெண்டு வாய் சாப்பிட்டாவ. எதுக்கு வந்திய?" அவர் உள்ளேயிருந்து வந்தார். சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். மன்னிப்புக் கேட்டேன். "விடுலே" என்றார்.

கொட்டகையில் முதலாளியம்மாவே சாவியைக் கொடுத்தார். அண்ணன் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். வலது காலைத் தூக்கி பிரேக்கின் மேல் வைத்தார். கால் நடுங்கத் தொடங்கியது. கையால் முழங்காலை அமுக்கிப் பிடித்தார், நிற்கவில்லை. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. கொஞ்சநேரத்தில் இறங்கிவிட்டார்.

"மறுநாளே நீ வந்து கூப்பிட்டிருந்தேன்னா ஏறியிருப்பேன் சுயம்பு" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். "இந்த எட்டு நாளும் வீட்டுல சும்மா உக்காந்து, அந்த இறக்கத்துலயே போய்க்கிட்டிருந்தேன். இனி முடியாது."

சாவியை என் கையில் வைத்துவிட்டு நடந்தே ஊருக்குப் போனார். அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியும் ஓட்டவில்லை.