பஞ்சுக்கரந்தை என்று நான் எழுதிய லேபிள்

எழுபதுகளின் கடைசியில், மதுரையில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் நான் தற்காலிக அட்டெண்டர். செடியைப் பிரஸ்ஸில் அழுத்திவைத்து உலர்த்தி, ஷீட்டில் தைத்து, லேபிள் எழுதுவது என் வேலை. லேபிளில் 'உள்ளூர்ப் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு ஷீட்டில் அது காலியாக இருந்தாலும் என்னை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்யமாட்டேன் என்று புரொபசர் சொல்லிவிட்டார். அந்த வருஷம் எனக்குத் தூக்கமே சரியாகப் பிடிக்கவில்லை.

மேலூர்ப் பக்கம் ஒரு கடலைக்காட்டில் அந்தச் செடி கிடைத்தது. சூரியகாந்திக் குடும்பம், பிளூமியா பேரினம். இலை முழுக்க வெள்ளை ரோமம்; கசக்கினால் காட்டமான வாசனை. களை எடுத்துக்கொண்டிருந்த இருளாயி என்ற பெண்ணிடம் பெயர் கேட்டேன். பக்கத்தில் குனிந்திருந்த மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தபடி சொன்னாள்.

"இதுக்கெல்லாம் பேரு ஏது சார்? களைதான்."

மற்ற பெண்களும் சிரித்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எரிச்சலோடு ஓடிப்போய் ஏறினேன். பஸ்ஸிலேயே ஒரு பெயரைக் கட்டிவிட்டேன்: பஞ்சுக்கரந்தை. அந்தக் குடும்பத்தில் கொட்டைக்கரந்தை இருக்கிறது. யாருக்கும் சந்தேகம் வராது என்று நினைத்தேன். வரவில்லை. வேலை நிரந்தரமானது.

ஆனால் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. துறையின் செடிப் பட்டியல் அச்சாகி வந்தபோது அதில் பஞ்சுக்கரந்தையைப் பார்த்தேன். சில வருஷம் இப்படியே ஓடியது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலூருக்குப் போனேன். இருளாயி அதே காட்டில்தான் இருந்தாள். செடியைக் காட்டினேன்.

"பஞ்சுக்கரந்தை. போன மாசம் வந்த காலேஜ் பிள்ளைக புத்தகத்தப் பாத்துச் சொல்லுச்சுக."

"நீங்க என்னன்னு சொல்லுவீக?"

"'மாமியா மீசை'ம்போம் சார். அன்னைக்கு எங்க மாமியா பக்கத்துலயே இருந்துச்சு, எப்படிச் சொல்றது? இப்ப அது போய்ச் சேந்துருச்சு."

சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. மறுநாள் ஷீட்டில் பொய்ப் பெயரை அடித்துவிட்டுச் சரியான பெயரை எழுதி, புரொபசரிடம் நானே கொண்டுபோய்க் காட்டினேன்.

"இந்த மாதிரி எத்தன எழுதிருக்க?"

"இது ஒண்ணுதான் சார்."

"அத நான் எப்படிய்யா நம்புறது?"

வேலை போகாமல் தப்பியது. ஆனால் நான் எழுதிய அத்தனை பெயர்களையும் ஊர் ஊராகப் போய் மறுபடி கேட்டுவரச் சொன்னார். இரண்டு வருஷம் அலைந்தேன். மற்றவை எல்லாம் சரியாகவே இருந்தன.

கடைசியாக மறுபடி மேலூர்க் காடு. இந்த முறை இருளாயியின் மருமகளிடம் கேட்டேன். அவள் இருளாயியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பஞ்சுக்கரந்தை சார்."

நான் பேனாவைத் திறக்கவில்லை. ரோட்டில் மதுரை பஸ் போனது, போகட்டும் என்று விட்டேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: பஸ்ஸை விடுங்கள். இருளாயி தண்ணீர் குடிக்க எழுந்துபோகும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்து, மறுபடி கேட்டேன்.