தாய்க்கப்பல் தெற்கே திரும்பியது

டெக்சாஸின் சுகர் லேண்டில் நகுலேஸ்வரனைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: மனுஷன் வேலையைப் பற்றி வாய் திறக்கமாட்டார். ஹூஸ்டனில் ஒரு வானிலை நிறுவனத்தில் அவருக்கு வேலை. எங்கோ நடுக்கடலில் போகும் கப்பலுக்குப் புயல் எந்தப் பக்கம் வருகிறது, எப்படி விலகினால் தப்பலாம் என்று கரையிலிருந்து வழி சொல்லவேண்டும். இளவயதில் பருத்தித்துறையிலிருந்து கிளம்பிச் சரக்குக் கப்பல்களில் அதிகாரியாக இருந்தவர். வங்காள விரிகுடாப் புயலொன்றில் கூட நின்றவர்களை அலை வாரிக்கொண்டு போனதைப் பார்த்தபின் கடலை விட்டார். டெக்சாஸுக்கு வந்து வானிலை படித்தார். ஒரு கப்பலின் பாதையை வெளியே சொல்லக்கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் சத்தியம். மனைவி பத்மராணி கேட்டால்கூட 'தெரியாது' என்றுதான் சொல்வார்.

அவர்களுடைய ஒரே மகள் லக்ஷிகா எண்ணெய் நிறுவனமொன்றில் நல்ல வேலையில் இருந்தாள். திடீரென்று அதை உதறிவிட்டு, திமிங்கல வேட்டையைத் தடுக்கப் போகும் கப்பலில் எஞ்சின் வேலைக்குச் சேர்ந்தாள். வேட்டைக் கப்பலின் குறுக்கே போய் நிற்பதும், அதைப் படமெடுத்து உலகத்துக்குக் காட்டுவதும்தான் அவர்களுடைய போராட்டம்.

"ஜப்பான் தன்ர எல்லைக்குள்ள சட்டப்படிதான் பிடிக்குது, பிள்ளை" என்றார் நகுலேஸ்வரன்.

"லீகல் டஸ்ன்ட் மீன் ரைட், அப்பா."

அவர் அதற்குமேல் பேசவில்லை. பேச முடியாத காரணம் ஒன்று இருந்தது. திமிங்கலங்களை அறுத்துப் பதப்படுத்தும் பெரிய தாய்க்கப்பல் ஒன்று அந்த வருஷம்தான் அவருடைய நிறுவனத்தின் வாடிக்கையாகியிருந்தது. அதற்கு வழி சொல்லும் பொறுப்பு அவர் மேசைக்கே வந்தது. பெரிய கப்பல் பத்திரமாக இருந்தால், பின்னால் போகிற பிள்ளைகளும் பத்திரமாக இருப்பார்கள் என்று அவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

செப்டெம்பரில் ஜப்பானுக்குத் தெற்கே ஒரு சூறாவளி உருவாகி வடகிழக்கே ஏறத் தொடங்கியது. வடக்கே போய் ஒதுங்கும்படி நகுலேஸ்வரன் தாய்க்கப்பலுக்கு எழுதினார். மறுநாள் காலை வேலைக்கு வந்து திரையைத் திறந்தபோது பதில் காத்திருந்தது. தெற்கே திரும்புகிறோம், சூறாவளி வந்து சேருமுன் அதன் முகப்பைக் கடந்துவிடுவோம், ஒரு சிறிய கப்பல் எங்களை விடாமல் தொடர்கிறது என்று எழுதியிருந்தார் கேப்டன்.

நகுலேஸ்வரன் கணக்குப் போட்டுப் பார்த்தார். தாய்க்கப்பலின் வேகத்துக்கு அது கடந்துவிடும். பின்னால் ஓடிவரும் லக்ஷிகாவின் பழைய கப்பல் நட்டநடுவில் அகப்படும். 'உங்களைத் தொடர்பவர்கள் தப்பமாட்டார்கள்' என்று எழுதினார். 'குறித்துக்கொண்டோம்' என்று பதில் வந்தது. அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. கேப்டன் தன் கப்பலை மட்டும் நினைத்திருக்கலாம். வேறு எதையாவது நினைத்திருக்கலாம்.

மேலாளர் வாஞ்சிநாதனிடம் போனார்.

"அவங்க நம்ம க்ளையன்ட் இல்ல சார். கோஸ்ட் கார்டு பாத்துக்கும். நீங்க லைன் கிராஸ் பண்ணாதீங்க."

"அந்தக் கப்பலில என்ர மகள் நிக்கிறாள்."

வாஞ்சிநாதன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "இத நான் கேக்கவே இல்ல. நீங்களும் எதுவும் பண்ணலன்னு வெச்சுக்கறேன்."

நகுலேஸ்வரன் நேரே காருக்குப் போய் மகளைக் கப்பலின் சாட்டிலைட் ஃபோனில் அழைத்தார். பக்கத்து ஃப்ரீவேயின் இரைச்சலில் அவள் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"பிள்ளை, நீங்கள் துரத்திற கப்பல் புயலுக்குக் குறுக்கால போகப்போகுது. அது தப்பும், நீங்கள் தப்பமாட்டியள். உடன வடக்க திரும்பச் சொல்லு."

"ஹவ் டு யூ நோ வேர் தே ஆர் கோயிங்?"

அவர் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார். "அதுக்கு வழி சொல்லுறது நான்தான்."

மறுமுனையில் எஞ்சினின் உறுமல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அதற்குப்பின் அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பத்மராணி ஆஸ்பத்திரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தாள். கடைசியில் அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப நீங்கள் அவங்களுக்கும் வழி சொன்னனீங்கள், இவளுக்கும் சொன்னனீங்கள்" என்றாள் அவள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

கப்பல் மூழ்கவில்லை. ஆனால் நடந்தது பிறகுதான் தெரிந்தது. அப்பா யார் என்பதைச் சொல்லி லக்ஷிகா எச்சரித்ததை அங்கே பாதிப்பேர் நம்பவில்லை. தங்களைக் கழற்றிவிட வேட்டைக்காரர்கள் செய்யும் சூழ்ச்சி என்றார்கள். வாதாடி முடித்து வடக்கே திரும்புவதற்குள் சூறாவளியின் ஓரம் பிடித்துக்கொண்டது. சுக்கான் அறையின் கண்ணாடிகள் நொறுங்கின. ஒரு மாலுமிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. தாய்க்கப்பல் ஒரு கீறலுமின்றிக் கடந்துபோனது. தொடர ஆளில்லாத அந்தக் கடலில் மறுபடியும் வேட்டை தொடங்கியது.

அடுத்த துறைமுகத்தில் லக்ஷிகாவை இறக்கிவிட்டார்கள். வேட்டைக்காரனின் மகளோடு எப்படிக் கப்பலோட்டுவது என்று அவள் முகத்துக்கு நேரேயே கேட்டார்களாம். கதை வெளியே கசிந்ததும் வாஞ்சிநாதன் நகுலேஸ்வரனின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். அவர் அதை நீட்டியபோது இருவருமே நிமிர்ந்து பார்க்கவில்லை. தெரியாத எண்களிலிருந்து அழைப்புகள் வந்தன. சிலர் கொலைகாரன் என்றார்கள். ஒருவன் எதுவும் பேசாமல், அவர்களுடைய வீட்டு விலாசத்தை மட்டும் நிதானமாக வாசித்துவிட்டு வைத்தான். அன்றிலிருந்து பத்மராணி ஜன்னல் திரைகளை விலக்குவதில்லை.

லக்ஷிகா ஒரே ஒருமுறை அழைத்தாள். வழக்கம்போல ஆங்கிலத்தில்தான் பேசினாள். அந்த அழைப்பு இல்லாவிட்டால் தாங்கள் எல்லோரும் செத்திருப்போம், அது தனக்குத் தெரியும் என்றாள். ஆனால் வீட்டுக்கு வரமுடியாது, இன்னொரு கப்பல் தன்னைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது என்றாள்.

"எந்தக் கடலுக்கு, பிள்ளை?"

"சொல்லமாட்டேன், அப்பா." அதை மட்டும் தமிழில் சொன்னாள்.

பத்மராணி பக்கத்தில் வந்து நின்றாள். "எங்கயாம் போறாள்?"

"தெரியாது" என்றார். இந்தமுறை அது உண்மை.