ராமாமணியின் புழுமனையில் ஒரு மின்தடை நாள்

உடுமலைப்பேட்டையிலிருந்து அமராவதி அணைக்குச் செல்லும் சாலையை விட்டு விலகிச் சற்றே உள்ளே சென்றால் ராமாமணியின் தோட்டம் வரும். தென்னையை ஒட்டி மல்பெரி. மல்பெரியை ஒட்டி வீடு. வீட்டின் பின்சுவரை ஒட்டிப் பட்டுப்புழு வளர்க்கும் மனை. அந்த மே மாதக் காலையில் மனையின் அடுக்குகள் நிறையப் புழுக்கள் இருந்தன. இன்னும் மூன்று நாள்கள் தாங்கினால் அவை கூடு கட்டத் தொடங்கிவிடும்.

இந்தக் கடைசிப் பருவத்தில்தான் புழுக்களுக்கு வெப்பம் ஆகாது. மனைக்குள் சூடு ஏறினால் முதலில் உண்ண மறுக்கும். பிறகு உடல் தளர்ந்து கறுக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நோய் தாவி, அடுக்கு முழுவதும் அழுகிப்போகும். சென்ற கோடையில் ஒரு வளர்ப்பு முழுவதையும் ராமாமணி அப்படித்தான் இழந்தாள். இம்முறையும் தவறினால் மல்பெரியை வேரோடு பிடுங்கிவிட்டுத் தென்னை வைத்துவிடுவதாக அவளுடைய கணவர் சீனிவாசலு உறுதியாகச் சொல்லியிருந்தார். புழு வளர்ப்பு ராமாமணியே கற்றுக்கொண்டு, அவளே தொடங்கிய தொழில். அவளுக்கென்று தோட்டத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

அவள் பிறந்தது பீளமேட்டில், தெலுங்கு பேசும் ஆலைத் தொழிலாளர் குடும்பத்தில். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவளுக்குப் பொறுக்காது. உறவினர் வீட்டில் பந்தியில் அமர்ந்திருந்தாலும் எழுந்து சென்று அணைத்துவிட்டு வருவாள். “அண்ணி வந்துட்டுப் போனா எங்க ஊட்டு மீட்டரு ரெண்டு நாளைக்குப் படுத்துத் தூங்குமுங்க” என்று கொழுந்தனார் கேலி செய்வார். வீட்டிலிருந்த பழைய மின்விசிறிகளைக் கழற்றிவிட்டு, குறைந்த மின்சாரத்தில் சுழலும் புதிய விசிறிகளை மாட்டியவள் அவள். மாசி மாதத்தில் மாடியில் சூரிய மின்தகடுகளைப் பொருத்தச் செய்தவளும் அவளே.

தகடுகள் வந்த மறுவாரமே, மனைக்காக வைத்திருந்த பழைய டீசல் ஜெனரேட்டரை அவள் விற்றுவிட்டாள். “வெயில் அடிக்கறப்பத்தான் மனைக்குள்ள சூடு. வெயில் அடிக்கறப்பத்தான் தகட்டுல கரண்ட்டு. அப்பறம் எதுக்குங்க அந்தப் புகை வண்டி?” என்று அவள் கேட்டது சீனிவாசலுவுக்கும் சரியாகவே பட்டது. ஊரில் எல்லோருக்கும் அப்படியே பட்டது.

ஆகவே, பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை மின்தடை என்ற அறிவிப்பைக் கண்டபோதும் அவள் கலங்கவில்லை. ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றது. மனையில் காற்றை இழுக்கும் விசிறிகளும் நீர்த்தூவியும் நின்றன. மாடியில் தகடுகள் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தன. சுவரில் இருந்த சோலார் பெட்டியிலோ சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

பொருத்திக் கொடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்தாள். “அது அப்படித்தானுங்க அம்மணி. ஈபி கரண்ட்டு நின்னா சோலாரும் தானா நின்னுக்கும். இல்லீன்னா லைன்ல வேலை செய்யறவங்களுக்கு ஆபத்தாயிருமுங்க. பேட்டரி வெச்சதுன்னா வேற. உங்களுது அது இல்லீங்களே” என்றார் அவர்.

ராமாமணி தொலைபேசியைக் கீழே வைத்தாள். மனைக்குள் தொங்கிய வெப்பமானியைப் பார்க்கச் சென்றவள் பார்க்காமலேயே திரும்பினாள். வாசலில் நின்றபோதே முகத்தில் அனல் அடித்தது.

வாடகைக்கு ஜெனரேட்டர் தேடி உடுமலைக்குச் சென்ற சீனிவாசலு வெறுங்கையோடு வந்தார். வைகாசி முகூர்த்தம், இருந்தவை அனைத்தும் மண்டபங்களுக்குப் போய்விட்டிருந்தன. “இருந்ததை வித்துப்போட்டு இப்ப ஊரெல்லாம் பிச்சை கேக்கறோம்” என்றார்.

அக்காள் மகன் வம்சி விடுமுறைக்கு வந்திருந்தான். கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் பட்டறை ஒன்றில் வேலை பார்ப்பவன். தாயின் தங்கையைத் தெலுங்கு முறைப்படி ‘பின்னி’ என்றும், அவள் கணவரைப் ‘பாபாய்’ என்றும் அழைப்பான். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவன் முகம் மலர்ந்து சொன்னான்:

“பின்னி, இந்தப் பெட்டிக்குக் கண்ணு கெடையாது. ஒயர்ல கரண்ட்டு இருந்தா ஈபி வந்துருச்சுன்னு நம்பிக்கும். நம்ம ஊட்டு இன்வெர்ட்டர் கரண்ட்டைத் திருப்பி ஒயர்ல குடுத்தாப் போதும். தகடு முழிச்சுக்கும். விசிறியெல்லாம் ஓடும்.”

சீனிவாசலுவின் முகத்தில் அன்று முதன்முதலாக உயிர் வந்தது. “அப்பறம் என்னடா பாத்துட்டு நிக்கறே? ஒயரை எடு!”

வம்சி கம்பியின் நுனிகளைச் சீவினான். இன்வெர்ட்டர் என்பது விளக்குகளுக்காக வைத்திருந்த ஒற்றை மின்கலப் பெட்டி. அதை வாசல்புறத்துக்கு இழுத்து வந்தார்கள். ராமாமணி மின்பலகையின் அருகில் நின்று, மாடியிலிருந்து இறங்கும் கம்பியைக் கண்ணால் பின்தொடர்ந்துகொண்டிருந்தாள்.

“வம்சி, நாம குடுக்கற கரண்ட்டு கம்பத்துக்குப் போகாதா கண்ணு?”

“மெயினை எறக்கீட்டா எப்புடிப் போகும்?”

“மெயினை எறக்கீட்டா சோலார் எந்தப் பக்கம் நிக்கும்?”

அவன் சிரித்துக்கொண்டே வந்து பார்த்தான். சிரிப்பு நின்றது. சோலார் கம்பி மெயின் சுவிட்சைத் தாண்டி, மின்மானியின் பக்கத்தில் இணைக்கப்பட்டிருந்தது. மெயினை இறக்கினால் வீட்டுக்குச் சோலார் இல்லை. இறக்காவிட்டால் வீட்டுக்கும் கம்பத்துக்கும் இடையே தடுப்பு ஏதும் இல்லை.

“மீட்டர் பக்கத்து ப்யூசை உருவிப்போட்டா?” என்றார் சீனிவாசலு.

“அது சீல் வெச்சதுங்க பாபாய். கம்பத்துலதான் உருவோணும்.”

“அட, லைன்மேனெல்லாம் கம்பியை மண்ணோட கோத்து எர்த் பண்ணிப்போட்டுத்தான் கையே வெப்பாங்க. அவங்களுக்குத் தெரியாத தொழிலா?”

“எர்த் பண்ணியிருந்தா நம்ம இன்வெர்ட்டர் கருகிப் போகும். பண்ணாம இருந்தாங்கன்னா?” என்றாள் ராமாமணி.

அவள் மாடிக்கு ஏறினாள். மல்பெரிக்கு அப்பால், தங்கள் வீட்டுக்கு மின்சாரம் வரும் அதே வரிசைக் கம்பத்தின் உச்சியில், இடுப்பில் பட்டையோடு ஓர் ஆள் இருந்தான். கண் கூசியதால் முகம் தெரியவில்லை. இந்தப் பகுதியின் லைன்மேன் அழகிரிசாமியின் எண்ணை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது; எவரும் எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தாள். கம்பத்தில் இருந்தவன் அசையவில்லை.

அவள் இறங்கி வந்தபோது சீனிவாசலு, வம்சி சீவிய கம்பியைக் கையில் பிடித்திருந்தார். இரண்டு அடி தள்ளி மின்பலகை.

“ஏனுங்க, அதைக் கீழ வைங்க. கம்பத்து மேல ஆளு இருக்குது.”

“இருக்கட்டும். அஞ்சு நிமிசம் முழிச்சுப் பாக்கட்டும் அந்தப் பெட்டி. வேலை செய்யுதான்னு மட்டும் பாத்துக்கலாம்.”

“அஞ்சு நிமிசம் எதுக்கு? ஒரு நொடி போதாதா?”

“போன வருசம் செத்த புழுவைப் பொதைக்கக் குழி வெட்டுனவன் நானு, அம்மணி! நாத்தத்துல நாலு நாள் சோறு எறங்கலே. இந்த வருசமும் நானே வெட்டோணுமா?”

ராமாமணி பலகைக்கு முன்னே வந்து நின்றாள். முதுகு சுவரில் படிய நின்றாள். “வெட்டறதுன்னா வெட்டுங்க. கொட்டறது நான் கொட்டிக்கறேன். இது மட்டும் ஆகாது.”

அவர் கை தாழவில்லை. வம்சிதான் இன்வெர்ட்டரின் பொத்தானை அணைத்தான். “நான் இதைத் தொடலீங்க பாபாய். கழட்டீறலாம்” என்றான். சீனிவாசலு கம்பியைத் தரையில் வீசிவிட்டுத் தென்னந்தோப்புப் பக்கம் நடந்தார்.

மனையில் புழுக்கள் தழையை விட்டு அடுக்குகளின் விளிம்புக்கு நகரத் தொடங்கியிருந்தன. தலையைத் தூக்கி அசையாமல் நின்றன. காற்றுக்குத் தவிக்கும்போது அவை அப்படித்தான் நிற்கும்.

“ஊட்டுல இருக்கற விசிறியெல்லாம் கழட்டு வம்சி. சமையக்கட்டுல இருக்கறதையும் சேர்த்து” என்றாள் ராமாமணி. “லைட்டு ஒண்ணு விடாம எல்லாத்தையும் இன்வெர்ட்டர்ல இருந்து புடுங்கீரு. அதுல இருக்கறது அத்தனையும் மனைக்குத்தான்.”

“மனையில இருக்கற பெரிய விசிறியையே ஓட்டலாமே?”

“அது ஒரு மணி நேரத்துல பேட்டரியைக் குடிச்சுப்போடும். ஊட்டு விசிறி கொஞ்சங் கொஞ்சமாத்தான் இழுக்கும்.”

வம்சி விசிறிகளை மனையின் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டான். ராமாமணி சாக்குகளை நனைத்துச் சன்னல்களில் மாட்டினாள். மோட்டார் ஓடாததால் மேல்தொட்டியில் இருந்த தண்ணீர்தான் இருப்பு. குளிக்கவும் துவைக்கவும் கூடாதென்று சொல்லிவிட்டாள். சாக்குகள் காயக் காய மீண்டும் நனைத்தாள். இடையில் நிமிர்ந்து பார்த்தபோது, கூரையின் மீது ஏணி சாய்ந்திருந்தது. சீனிவாசலு பச்சைத் தென்னை மட்டைகளைத் தலையில் சுமந்து ஏறிப் பரப்பிக்கொண்டிருந்தார்.

நண்பகல் கடந்தது. வெப்பமானி ஏறுவது நின்றதே தவிர இறங்கவில்லை. நான்கு மணிக்கு மின்சாரம் வந்துவிடும் என்பதே அவர்கள் பிடித்திருந்த கயிறு. நான்கு ஆயிற்று; வரவில்லை. சற்று நேரத்தில் இன்வெர்ட்டர் கீச்சிடத் தொடங்கியது.

“பேட்டரி தீந்துட்டு இருக்குது பின்னி. பாதி விசிறியை நிறுத்துனா இன்னுங் கொஞ்ச நேரம் தாட்டும். முழுசும் ஓடுனா முழுசும் நின்னுரும்.”

மனையில் இரண்டு வரிசைகள். வலப்புறத்துப் புழுக்கள் ஒரு நாள் முந்தியவை. உடல் லேசாக மஞ்சள் பாய்ந்து, கூடு கட்டும் தறுவாயில் இருந்தன. இடப்புறத்தவை இளையவை. ராமாமணி இரண்டுக்கும் நடுவே நின்றாள். வலப்புறம் விசிறிக் காற்று புடவையில் பட்டது, இடப்புறமும் பட்டது.

“எடப்பக்கம் நிறுத்தீரு” என்றாள்.

விசிறிகள் சுழற்சி தளர்ந்து நின்றன. அவள் இடப்புற வரிசையின் அருகிலேயே அமர்ந்து, மீதமிருந்த தண்ணீரில் துணியை நனைத்துத் தொங்கவிட்டு, முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். ஒருவர் கை விசிறுவது எத்தனை அடுக்குக்குப் போதும்? அவள் நிறுத்தவில்லை. சீனிவாசலு வந்து மறுமுனையில் அமர்ந்து இன்னொரு முறத்தை எடுத்தார்.

வெயில் சாய்ந்த பிறகே மின்சாரம் வந்தது. நீர்த்தூவி சீறியது. சோலார் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தபோது தகடுகளின் மீது தென்னையின் நிழல் விழுந்திருந்தது. அப்போது ராமாமணியின் தொலைபேசி ஒலித்தது.

“அம்மணி, கூப்புட்டிருந்தீங்களாட்ட இருக்குது? அழகிரிசாமி பேசறனுங்க. உங்க மல்பெரிக்கு அக்கட்ட கம்பத்து மேலதான் இருந்தேன். ரெண்டு கையிலயும் கம்பி, எடுக்க முடியலீங்க. இன்சுலேட்டர் ஒண்ணு ஒடஞ்சுபோச்சு, அதுதான் நேரமாயிருச்சுங்க. எதாவது அவசரமுங்களா?”

அவன் உரத்துப் பேசியதால் அனைவருக்கும் கேட்டது. சீனிவாசலு முறத்தைக் கீழே வைத்தார்.

“ஒண்ணுமில்லீங்க தம்பி. கரண்ட்டு எப்ப வருமுன்னு கேக்கலாமுன்னுதான். போய்ச் சாப்புடுங்க” என்றாள் ராமாமணி.

பிறகு மூவரும் மல்பெரியை வெட்டி வந்தார்கள். முதலில் வலப்புற வரிசையில் புதுத் தழையைப் பரப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. காத்திருந்தார்கள். ஒரு புழு தலையைத் திருப்பியது. இலையின் ஓரத்தில் வாய் வைத்தது. பிறகு பக்கத்தில் ஒன்று. பிறகு அடுக்கு முழுவதும் மெல்ல அசைந்து மேலேறியது.

இடப்புறத்தில் மேல் இரண்டு அடுக்குகளில் எதுவும் ஏறவில்லை. கூரைக்கு அருகில் இருந்தவை அவை. கீழ் அடுக்குகளில் ஆங்காங்கே ஏறின. ராமாமணி மேலடுக்கில் ஒரு புழுவை விரலால் தொட்டாள், துணிபோல மடங்கியது.

அவள் கூடையை எடுத்துவந்து, நோய் கீழே இறங்குவதற்குள் மேல் இரண்டு அடுக்குகளையும் ஒழிக்கத் தொடங்கினாள். சீனிவாசலு மண்வெட்டியோடு வெளியே போனார். தென்னையின் ஓரமாகச் சிறியதொரு குழியை வெட்டி முடித்து, வாசலில் வந்து நின்றார்.

“மல்பெரிக்கு நாளைக்குத் தண்ணி கட்டோணுமா அம்மணி?”

“கட்டோணுமுங்க. வலப்பக்கம் இருக்கறதுக்கு இன்னும் ரெண்டு நாளைக்குத் தழை வேணும்” என்று சொல்லிவிட்டு, அவள் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.