அறுநூற்று இருபது ரூபாய் கிளட்ச்

பதினோரு வயதில் எங்கள் தெருவில் எனக்கு இருந்த மரியாதை, அதற்குப் பிறகு எந்த வயதிலும் எந்த ஊரிலும் எனக்குக் கிடைக்கவில்லை. காரணம் வேறொன்றுமில்லை, எனக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியும். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அவனுடைய காகிதம் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. வரி ரசீது, நிலப் பத்திரம், கப்பலேறிப் போன மருமகனைப் பற்றிய சர்க்கார் கடிதம் என்று எது வந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நான் பாவாடையைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, முதல் வரியைப் பிரெஞ்சிலேயே படித்துக் காட்டுவேன். அது யாருக்கும் தேவையே இல்லை. ஆனாலும் கொய்யாப்பழத்தைக் கூலியாக வாங்குகிறவள் கொஞ்சமாவது வித்தை காட்ட வேண்டாமா?

எங்கள் வீட்டுக்குப் பெரியவர் பெரியப்பா. பெரிய கடைவீதியில் அரிசி மண்டி வைத்திருந்தார். இணைப்புப் போராட்டத்தில் ஊர்வலம் போய்த் தோளில் லத்தியடி வாங்கியவர். கொடி இறங்கிய அன்றைக்கே, இனிமேல் பிரெஞ்சில் எழுதிய எந்தத் தாளையும் தொடுவதில்லை, கண்ணால் பார்ப்பதும் இல்லை என்று சபதம் எடுத்துக்கொண்டார். அப்படியும் தாள்கள் வந்துகொண்டிருந்தால் என்ன செய்வது? அவர் சாய்வு நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று தமிழில் சொல்ல வேண்டும். என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தது அம்மாவின் பிடிவாதம். பெரியப்பாவுக்கு அதில் வருத்தம்தான் என்றாலும், சபதத்தைக் காப்பாற்ற நான் உதவியதால் பொறுத்துக்கொண்டார்.

அப்பாவிடம் ஒரு கார் இருந்தது. தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சு ஜட்ஜ் விற்றுவிட்டுப் போன கறுப்புக் கார். அதைக் கல்யாணத்துக்கும், கடலூருக்கும், விழுப்புரம் ரயிலடிக்கும் வாடகைக்கு ஓட்டினார். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. தம்பி தன்னோடு மண்டியில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. ஒருமுறை பெரியப்பா காய்ச்சலில் படுத்தபோது அப்பா இரண்டு மாதம் மண்டியில் உட்கார்ந்தார். அந்த இரண்டு மாதமும் வீட்டில் அவர் பாட்டை யாரும் கேட்கவில்லை. சாப்பிட்டு, கை கழுவி, சுவரோரம் படுத்துவிடுவார். காய்ச்சல் தீர்ந்த மறுநாள் காரைத் துடைத்துக்கொண்டே அவர் பாடியது தெருமுனை வரை கேட்டது. குரல் அப்படியொன்றும் நன்றாக இருக்காது. ஆனால் எனக்கு அது வேண்டியிருந்தது.

அந்தக் காருக்குத்தான் கிளட்ச் போயிற்று. என்ஜின் ஊரைக் கூட்டும், வண்டி மட்டும் மாட்டு வண்டிக்குப் பின்னால் வரும். ஒரு நாள் கல்யாணப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ரயில்வே கேட் மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. மாப்பிள்ளையே பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினார். செய்தி மண்டிக்கு வந்து சேர அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அன்று சாயங்காலம் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். ரோட்டோர மெக்கானிக் யாரும் வண்டியைத் தொடக்கூடாது. பிரித்தால் மாட்டத் தெரியாது. கடற்கரைப் பக்கம் இருக்கிற பிரெஞ்சுக் கார் கம்பெனிக்கே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எவ்வளவு ஆகும் என்று அவர்கள் கையால் எழுதி வாங்க வேண்டும். இருநூற்றைம்பதுக்குள் என்றால் வீட்டுப் பொதுப் பணத்திலிருந்து தருவார். மேலே ஒரு ரூபாய் போனாலும், சனிக்கிழமை வரும் விழுப்புரத்துத் தரகரிடம் வண்டியைத் தள்ளிவிட்டு அப்பா மண்டிக்கு வந்துவிட வேண்டும். அப்பா தலையை ஆட்டினார். பிரெஞ்சுக்காரன் பேரைச் சொன்னாலே முகம் சுளிக்கிற பெரியப்பா, வண்டி என்று வந்ததும் அவன் கம்பெனியைத் தவிர வேறு யாரையும் நம்பவில்லை. அது அவருக்கு விசித்திரமாகப் படவே இல்லை.

கம்பெனியில் கொடுக்கும் அந்த மதிப்புத் தாளுக்குத் ‘தெவி’ என்று பெயர். டைப் அடித்து, கீழே கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். மீன்காரியிடம் காலணாவுக்கு அரை மணி நேரம் மல்லுக்கு நிற்கிற எங்கள் ஊரில், முத்திரை போட்ட தெவியிடம் பேரம் பேசிய மனிதரை நான் பார்த்ததில்லை. அதில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் விலை.

அப்பா புதன்கிழமை போய் வாங்கிவந்தார். சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருந்த தாளை எடுத்து, பிரித்து, நீவி என் கையில் கொடுத்தார். பெரியப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் வழக்கம்போலத் தொண்டையைக் கனைத்தேன். முதல் வரியைப் பிரெஞ்சில் படித்தேன். அதற்குப் பிறகுதான் வலது பக்கத்தில் வரிசையாக நின்ற எண்களைப் பார்த்தேன். கிளட்ச் தட்டு முந்நூற்றுப் பத்து. பேரிங் எழுபத்தைந்து. ஸ்பிரிங்குகள் தொண்ணூற்றைந்து. வேலைக்கூலி நூற்று நாற்பது. கோடு போட்டுக் கீழே, அறுநூற்று இருபது.

அப்பா என் பக்கத்தில்தான் தூணில் சாய்ந்து நின்றார். அவர் மண்டியில் அரிசி அளந்துகொண்டு, பாடாமல், சுவரோரம் படுத்துக்கொண்டு காலத்தைக் கழிப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது: “தட்டு, நூத்திப் பத்து.”

ஒரு பொய் சொன்னபின் நிறுத்த முடியுமா? பேரிங்கை முப்பத்தைந்தாக்கினேன். ஸ்பிரிங்குகள் நாற்பத்தைந்துக்கு வந்தன. கூலி நாற்பது. தாளில் இருக்கும் எண்ணைப் பார்த்துக்கொண்டே வேறு எண்ணைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இதற்கு நடுவில் மனத்துக்குள் கூட்டிக்கொண்டும் வர வேண்டும். கடைசியில் “ஆக மொத்தம் இருநூத்திப் பத்து” என்று முடித்து மூச்சு விட்டேன்.

சுவரைப் பார்த்திருந்த தலை மெதுவாக ஆடியது. நாற்பது வருஷம் அரிசி மூட்டைகளை வாய்க்கணக்காகக் கூட்டியவர் அவர் என்பதை நான் மறந்துவிட்டேன்.

“இருநூத்தி முப்பதுல்ல வருது?” என்றார் பெரியப்பா.

நான் தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்போது அப்பா தூணிலிருந்து நகர்ந்து, “இருவது ரூவா தள்ளுபடி போட்டிருக்கான்ணே, அங்கயே சொன்னான்” என்றார்.

பெரியப்பாவுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருஷம் நம்மை ஆட்டிவைத்தவன் இப்போது தள்ளுபடி கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டான் பார், இணைப்பு என்றால் சும்மாவா என்று பெரியம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். பெட்டியைத் திறந்து இருநூற்றுப் பத்தையும் எண்ணி அப்பாவிடம் கொடுத்தார். வேறு வரியில் இருந்த தள்ளுபடி என் கண்ணில் படவில்லை போலும், சாமி காப்பாற்றியது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் இரவு படுத்த பிறகுதான் அடுத்த பயம் பிடித்தது. நாளைக்கு அப்பா அந்தப் பணத்தோடு கம்பெனிக்குப் போவார். கம்பெனிக்காரன் மீதி நானூற்றுப் பத்து எங்கே என்று கேட்பான். அப்பா எல்லார் முன்னாலும் விழிப்பார். என்னால் அப்பாவுக்குத் தலைகுனிவு வரப்போகிறது.

மறுநாள் வியாழக்கிழமை, பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு விடுமுறை. நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். போகிற வழியில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானம் செய்திருந்தேன். கார் கத்திக்கொண்டு தெருமுனைக்கு வந்தது. கிழக்கே கடற்கரைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அப்பா மேற்கே திருப்பினார். கம்பெனி அந்தப் பக்கம் அல்லவா என்றேன். “அங்க இன்னிக்கிக் கூட்டமா இருக்கும்” என்றார். எனக்குத் தெரிந்து அந்தக் கம்பெனி வாசலில் காக்காய் தவிர வேறு கூட்டம் இருந்ததில்லை. ஆனால் அன்று அதை எடுத்துச் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?

விழுப்புரம் ரோட்டில் ரெட்டியார்பாளையத்தில் புளியமரத்தடியில் ஒரு லாரி ஷெட். அங்கிருந்த மெக்கானிக்குக்குப் பெரிய தொந்தி. அதோடு காருக்கு அடியில் எப்படிப் போவார் என்று எனக்குக் கவலையாக இருந்தது, ஆனால் சுலபமாகப் போய்விட்டார். மத்தியானத்துக்குள் கியர்பாக்ஸை இறக்கிக் கிளட்ச் தட்டை வெளியே எடுத்தார். சோற்றுத் தட்டு அளவுதான் இருந்தது. இதற்குத்தானா முந்நூற்றுப் பத்து என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

மெக்கானிக் அதைத் துணியால் துடைத்து அப்பாவிடம் காட்டினார். தட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்பிரிங், பேரிங் எல்லாமே நன்றாக இருக்கின்றன. தட்டின்மேல் ஒட்டியிருக்கும் லைனிங்தான் ரிவிட் தெரிகிற வரை தேய்ந்துவிட்டது. செருப்பு தேய்ந்தால் அட்டையை மாற்றுவார்களா, காலை மாற்றுவார்களா என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“உங்கப்பாவக் காலக் கிளட்ச் பெடல் மேலயே வெச்சிருக்க வேணாம்னு சொல்லு. அது கால் வெக்கிற பலகை இல்ல” என்றார்.

அப்பா முதன்முறையாக என் முன்னால் திட்டு வாங்கினார். ஜட்ஜின் டிரைவர் சொல்லிக்கொடுத்தது அப்படி என்று முணுமுணுத்தார். மெக்கானிக் லாரிக்கு வாங்கி வைத்திருந்த லைனிங்கை அளந்து அறுத்து, அரம் போட்டு, துளையிட்டுப் பழைய தட்டின்மேலேயே ரிவிட் அடித்தார். நான் வேர்க்கடலை தின்றுகொண்டே பார்த்தேன். நடுவில் இரண்டு தடவை “அப்பா, அந்தத் தாள்ல...” என்று ஆரம்பித்தேன். இரண்டு தடவையும் அப்பா, கலர் சோடா வேண்டுமா என்று கேட்டார். இரண்டு தடவையும் எனக்கு வேண்டியிருந்தது. உண்மை சோடாவோடு உள்ளே போய்விட்டது.

எல்லாம் சேர்த்து எண்பத்தைந்து ரூபாய். திரும்பும்போது ரயில்வே கேட் மேட்டில் வண்டி குதித்து ஏறியது. அப்பா பாட ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

வீட்டில் அப்பா மீதி நூற்றிருபத்தைந்தையும் பெரியப்பாவிடம் கொடுத்தார். பழைய தட்டையே சரிசெய்து கொடுத்துவிட்டார்கள், அதனால் குறைந்தது என்றார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, யார் சரிசெய்தார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. பெரியப்பா மறுநாளே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அவர் பேச்சைக் கேட்டு, அதே மாதிரிக் கார் வைத்திருந்த ரைஸ்மில் முதலாளி ஒருவர் தன் வண்டியையும் கம்பெனியில் கொண்டுபோய்க் காட்டினார்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் அவர் முகம் சிவக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தெவி. அங்கே என்னமோ பெரிய தொகை சொன்னார்கள், நீங்கள் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, எதற்கும் உங்கள் வீட்டுப் பெண் படித்துச் சொல்லட்டும் என்றார். பெரியப்பா சுவரைப் பார்த்துத் திரும்பினார். நான் தாளை வாங்கினேன். அதே தட்டு, அதே பேரிங், அதே ஸ்பிரிங். மொத்தம் அறுநூற்று நாற்பது. எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். இதை உள்ளபடி படித்தால் என் குட்டு உடைந்துவிடும். குறைத்துப் படித்தால் முதலாளி அந்தப் பணத்தோடு கம்பெனியில் போய் நிற்பார்.

அப்பா குனிந்து, தாளைப் பார்ப்பதுபோல என் காதருகே வந்தார். “இந்தத் தாள உள்ளது உள்ளபடியே படிச்சிடும்மா” என்று மெதுவாகச் சொன்னார்.

படித்தேன். பெரியப்பா நாற்காலியைத் திருப்பி முதலாளியைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஒங்களுக்குப் பேசத் தெரியல. ஆளப் பாத்து வெல போடுறான். எந்தம்பியக் கூட்டிம்போங்க” என்றார். அந்த வியாழக்கிழமை அப்பா முதலாளியின் காரில் ஏறி உட்கார்ந்ததையும், அது தெருமுனையில் மேற்கே திரும்பியதையும் நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அப்பாவையும் அவர் காரையும் நானே தனியாகக் காப்பாற்றினேன் என்ற கர்வம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. பிரெஞ்சு தெரியாத அப்பாவுக்கு அந்தத் தாளில் எதுவுமே தெரிந்திருக்காது என்று நம்பினேன். ஒவ்வொரு நாளும் வண்டி ஓடிய மைலையும் வாங்கிய வாடகையையும் ஒரு நோட்டில் தன் கையால் எழுதி வைத்தவர் அவர். அதில் என்னைத்தான் கூட்டிப் பார்க்கச் சொல்வார். அறுநூற்று இருபது என்ற எண்ணை எந்த ஊர்க்காரன் எழுதினாலும் அது அறுநூற்று இருபதுதான் என்பது, தெருவுக்கே காகிதம் படித்துச் சொன்ன எனக்கு மட்டும் அப்போது தெரியவில்லை.