சேஷகிரி கண்டெடுத்த பிறவிப் பயன்

"பிடிச்ச வேலையைச் செய்யறவனுக்கு லீவுன்னு ஒண்ணு தேவையே படாது. நான் சாகற அன்னிக்கும் கடையைத் திறந்து வச்சுட்டுத்தான் சாவேன்!"

பெங்களூர் தொம்மலூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றின் கேன்டீனில், பிரிவுபசாரக் கேக்கைக் கையில் ஏந்தியபடி சேஷகிரி இப்படி முழங்கியபோது எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு பேர் கண் கலங்கினார்கள். அவருடைய பாக்கி வேலை தங்கள் தலையில்தான் விடியப் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சேஷகிரியின் பாட்டனாரும் தகப்பனாரும் மைசூர் சர்க்காரில் கோப்பு புரட்டிப் பென்ஷன் வாங்கியவர்கள். "உமது பிறவிப் பயன் என்ன?" என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், அந்த மனுவை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று யோசித்திருப்பார்கள். சேஷகிரிக்கோ அந்தக் கேள்வி நாற்பத்தேழாவது வயதில் சளி பிடித்தாற்போல வந்து, போக மறுத்தது. பதில் சமையலறையில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கலந்து கொடுக்கும் ஃபில்டர் காபியை விருந்தாளிகள் கண்ணை மூடி உறிஞ்சிவிட்டு, "சேஷகிரி, நீ இருக்க வேண்டிய இடமே வேற" என்பார்கள்.

"புகழறவாள்லாம் டம்ளரை அலம்பி வச்சுட்டா போறா?" என்று மனைவி அம்ருதா கேட்டதை உலக வரலாறு கவனிக்கத் தவறியது.

பழைய ஆபீசுக்குப் பின்சந்தில், நின்றபடி குடிக்கும் காபிக் கடை ஒன்று உதயமானது. ஒத்தாசைக்கு ஈஜிபுராவிலிருந்து பாமா வந்தாள். முதல் வாரம் சொர்க்கம். அப்புறம் வாடிக்கையாளர்கள் வந்தார்கள்.

ஆட்டோ ஓட்டும் கோவிந்தப்பா, கூட்டாளியோடு வந்து நின்றார். "ஸ்வாமி, ஒரு பை டூ."

ஒரு காபியை இரண்டு கோப்பையில் பங்கிட்டுக் குடிப்பது பெங்களூரில் நட்பின் இலக்கணம். சேஷகிரிக்கு அது கலைக்கொலை. "பாதியாக்கினா நுரை அடங்கிடும், சூடு போயிடும். என் காபியை முழுசாத்தான் குடிக்கணும்."

"காபி கேட்டா பாடம் எடுக்கறீங்களே! ஆய்த்து ஸ்வாமி, எதிர்க் கடையில பாத்துக்கறோம்."

பாமா தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னா சார் நீங்க? பங்கு போட மாட்டேன்னு அடம் புடிக்க இது இன்னா காவேரியா?"

ஒரு மாதத்தில் சேஷகிரி இறங்கி வந்தார். பை டூ ஊற்றினார். சர்க்கரை கம்மியாகப் போட்டு ஊற்றினார். "டீ இல்லையா?" என்றவர்களுக்கு டீயும் ஊற்றினார். குடித்தவர்களில் ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை. எல்லாக் கண்ணும் போனில் இருந்தது. பால் திரிந்தது, சிலிண்டர் தீர்ந்தது, சாக்கடை அடைத்தது. பிறவிப் பயனுக்குள் சாக்கடையும் அடக்கம் என்று எந்த ஞானியும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. டிகாஷனின் முதல் சொட்டு விழும்போது முன்பெல்லாம் மூச்சை அடக்கி நிற்பவர், இப்போது அந்த நேரத்தில் கொட்டாவி விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய விருந்தாளி ஒருவர் ஆவலோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"மோர் சாப்பிடறேளா?" என்றார் சேஷகிரி.

விருந்தாளி போனதும் அம்ருதா கேட்டாள். "காபி வாசனை வந்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கறேளே, ஏன்?"

"திருப்பிக்கலையே. கழுத்து வலி."

"ஆபீஸ் போறச்சேயும் ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா இதே கழுத்துதான் வலிக்கும்."

"அது வேலை! இது என் பிறவிப் பயன்!"

"ரெண்டுக்கும் சேர்த்து ஒரு கழுத்துதானே இருக்கு."

சேஷகிரிக்குக் கோபம் வந்தது. அதன் அடியில் பயமும் இருந்தது. ஆபீஸ் பிடிக்காதபோது ஓடிவர ஒரு காபி இருந்தது. இதுவும் இல்லையென்றால் இனி எதைத் தேடுவது? போதாக்குறைக்கு, பிடித்திருந்த ஒரே பொருளையும் கடை போட்டுக் கெடுத்தாயிற்று. இதை அம்ருதாவிடம் சொல்லலாம்தான். சொன்னால் அவள் சிரிக்க மாட்டாள்; அதுதான் தாங்காது.

மறுநாள் விடியற்காலை அலாரம் அடித்தது. அணைத்தார். மின்விசிறியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு போர்வைக்குள்ளிருந்தே போன் செய்தார்.

"பாமா, வயிறு சரியில்லே. இன்னிக்கு வர முடியாது."

"அய்ய, கடையே உங்களுது. யார் கையில சார் லீவு கேக்கறீங்க?"

சேஷகிரி, வயிறு என்று சொன்னதை மறந்து, போனை வாயருகே கொண்டுபோய், பலவீனமாக இரண்டு முறை இருமினார்.