பதினோராம் மடையில் தெரியாத எழுத்து

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்தே முக்கால் மணிக்குப் பஞ்சநதம் ஷமீராவை முதன்முதலாகக் கண்டார். மன்னார்குடியில் நோட்டுப் புத்தகக் கடை ஒன்றின் மாடி அறை. ஒற்றை ஜன்னலுக்குக் கீழே நீண்ட மேசை. அதன்மீது ஏழு பழைய கைபேசிகளை வரிசையாகக் கிடத்திவிட்டு, ஒன்றையும் தொடாமல், தூங்கும் பிள்ளைகளைப் பார்ப்பவரைப்போல ஷமீரா பார்த்துக்கொண்டிருந்தார். தெருவின் இரைச்சல் மாடிப்படி ஏறி வருவதற்குள் களைத்துப்போய், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது.

பஞ்சநதம் ஒரு பாசனதாரர் சங்கத்தின் செயலாளர். மன்னார்குடிக்குத் தெற்கே, ஒரே வாய்க்காலின் பதினொரு மடைகளை நம்பிப் பயிர் செய்கிறவர்களின் சங்கம் அது. அவருடன் வந்திருந்த பூவம்மாள், கடைசியில் இருக்கும் பதினோராம் மடையில் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துக் குறுவை போடுகிறவர்.

அந்த வாய்க்காலில் ஒரு வழக்கம் உண்டு. முறை வரும் நாளில், உரியவர் மடையருகே நேரில் நின்று தண்ணீர் கேட்க வேண்டும். அந்த ஆண்டு சங்கம் முறை ஏற்பாட்டைக் கைபேசிச் செயலிக்கு மாற்றியபோதும் வழக்கத்தைக் கைவிடவில்லை. செயலியை எங்கிருந்தும் திறந்து பார்க்கலாம். ஆனால் மடையருகே நின்று அழுத்தினால்தான் அதன் பொத்தான்கள் வேலை செய்யும். ஒரு பொத்தானில் ‘தண்ணீர் எடுக்கிறேன்’ என்றும், மற்றொன்றில் ‘முறையை விடுகிறேன்’ என்றும் எழுதியிருக்கும். விட்ட தண்ணீர், அடுத்தவர் எதையும் அழுத்தாமலே அவர் வயலுக்குப் போய்விடும். விட்டவருக்கு மறுமுறை பதினெட்டு நாள் கழித்துத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூவம்மாள் மடையில் நின்றார். திரையில் எழுத்தே இல்லை, வெறும் கட்டங்கள். தயங்கித் தயங்கி ஒன்றை அழுத்தினார். அது விடுகிற பொத்தான். தண்ணீர் அவர் வயலைத் தாண்டி, அதே மடையில் பாயும் ராஜராஜனின் வயலுக்குப் போய்விட்டது. நாற்றுக்கு இருபத்தொரு நாள் ஆகியிருந்தது. இன்னும் பதினெட்டு நாள் போனால் நாற்று முற்றி நடவுக்கு உதவாது. வியாழன் மாலைக் கூட்டத்தில் அடுத்த பட்டியல் முடிவாகிவிடும். தவறு செயலியினுடையது என்று அதற்குள் காட்டினால் அவருக்குத் தண்ணீர் உண்டு. காட்டாவிட்டால் அவருக்கு அந்தக் குறுவை இல்லை.

“படிக்காதவன்னு நினைச்சுட்டாங்க தங்கச்சி. எட்டாவது வரைக்கும் படிச்சவ நான். படிக்கிறதுக்கு எழுத்து வேணுமில்ல?” என்றார் பூவம்மாள். பாலித்தீன் உறையிலிருந்து கைபேசியை எடுத்துச் செயலியைத் திறந்து நீட்டினார். பொத்தான்கள் இரண்டிலும் எழுத்து, விளக்கி வைத்த பாத்திரம்போலப் பளிச்சென்று இருந்தது.

பூவம்மாளின் முகம் விழுந்துவிட்டது. “இங்க வந்ததும் ஒழுங்குப் பிள்ளையாயிடுச்சு பாருங்க.”

பஞ்சநதம் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நான் சொன்னேன்ல அக்கா. மே மாசமே பதினொரு மடையிலயும் சோதிச்சாச்சு.” பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். செயலியே அச்சிட்டுக் கொடுத்த சோதனைத் தாள். அடியில் அவருடைய கையெழுத்து. “இது சங்கத்துப் பேரு சம்பந்தப்பட்டதும்மா. இருக்கட்டும், பார்த்துக்கங்க.”

ஷமீரா தாளைப் படிக்காமல் மடித்துத் தம் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு பூவம்மாளைப் பார்த்துக் கேட்டார்: “அக்கா, எங்க நின்னு பார்த்தீங்க?”

“மடையிலதான். மடையில நிக்காம முறை கேக்க முடியுமா?”

“அப்ப நாளைக்கு மடைக்கே வந்துடுறேன்.”

“இந்த வெயில்ல எதுக்கும்மா?” என்றார் பஞ்சநதம் அவசரமாக.

“எழுத்துக்கு வெயில் உறைக்காதுண்ணே. எனக்கு உறைக்கும், குடை இருக்கு.”

எங்கே நின்று பார்த்தீர்கள் என்பது ஷமீரா எல்லாரிடமும் கேட்கும் முதற்கேள்வி என்பதைப் பஞ்சநதம் பின்னாளில் அறிந்தார். கூத்தாநல்லூரில் ஹாஜா மைதீனின் மூத்த மகளாகப் பிறந்து, மன்னார்குடியில் கணினி அறிவியல் படித்து, சென்னையில் ஆறாண்டுக் காலம் மென்பொருள் சோதிப்பவராக வேலை பார்த்தவர் ஷமீரா. கணவர் ஜாஃபர் சாதிக் மஸ்கட்டில் இருந்தார். பிள்ளை பிறந்தபின் ஊருக்கே வந்து, மாடி அறையைப் பிடித்தார். கும்பாபிஷேகப் பத்திரிகையில் கொம்பு இடம் மாறி நிற்கிறதா, பள்ளிவாசல் அறிவிப்பின் கடைசி வரி திரைக்கு வெளியே போய்விட்டதா, வினாத்தாள் அச்சகத்துக்குப் போனதும் வேறு மொழியாகிவிட்டதா, எல்லாரும் அந்தப் படி ஏறினார்கள். ஷமீரா பழுதை உடனே தொடமாட்டார். சில நிமிடம் பார்த்துக்கொண்டே இருப்பார். எழுத்து எப்படிக் கெட்டது என்பதை எழுத்தே சொல்லும் என்று நம்புகிறவர்போல இருக்கும் அந்தப் பார்வை. சொல்லாத நாளில் அங்கேயே ஒரு தம்ளர் தேநீர் குடித்துவிட்டு மறுபடி பார்ப்பார்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு ஷமீரா பேருந்திலிருந்து இறங்கினார். ஒரு கையில் குடை, மறுகையில் பழைய பிஸ்கட் டின். டின்னுக்குள் ஏழு கைபேசிகள் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. மூவரும் வாய்க்கால் கரையில் நடந்தார்கள். மேல்மடை வயல்களில் நடவு முடிந்து பச்சை பிடித்திருந்தது. கீழே போகப் போகப் பச்சை வெளுத்து, பழுப்பாகி, கடைசியில் உழுது போட்ட மண் மட்டும் எஞ்சியது. பத்தாம் மடைக்கு அப்பால் நிலம் தாழ்ந்து, மூங்கில் புதர் ஒன்றின் பின்னே வாய்க்கால் திரும்பியது. அங்கே காற்றும் கொஞ்சம் மெதுவாகவே வீசுவதாகப் பஞ்சநதத்துக்குத் தோன்றியது.

பதினோராம் மடையின் சிமெண்டுக் கட்டைமேல் ஷமீரா துணியை விரித்து, ஏழையும் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் செயலியைத் திறந்தார். பிறகு குடையைத் தமக்குப் பிடிக்காமல் கைபேசிகளுக்குப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மடையின் கசிவு நீர் எங்கோ ஒரு கல்லில் பட்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. நாரை ஒன்று, தான் நிற்பதையே மறந்துவிட்டதுபோல் நின்றது. எவ்வளவு நேரம் ஆனது என்று பஞ்சநதத்துக்குத் தெரியவில்லை.

பொத்தான்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றின்மேல் எழுத்து வரவில்லை. சின்னச் சின்னக் கட்டங்கள், ஓரம் மட்டும் கோடிட்டு, உள்ளே ஒன்றுமில்லாமல், ஏழு திரைகளிலும் வரிசை பிடித்து நின்றன. பஞ்சநதம் தலை நிமிர்ந்தார். எதிரே பூவம்மாளின் வயலும் அப்படித்தான் கிடந்தது: நாலு பக்கமும் வரப்புக் கோடு, நடுவில் வெறுமை. ஒரு கணம், யாரோ மிகப் பெரிய கையால் எழுத வந்து, எழுத்து கிடைக்காமல் கட்டங்களை மட்டும் போட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது அவருக்கு.

“இதுதான்,” என்றார் பூவம்மாள். கண் கலங்கியிருந்தது.

ஷமீரா சிறு குச்சியால் வரப்பு மண்ணில் கோடு போட்டு விளக்கினார். செயலியில் உள்ள வாசகங்களைச் சங்கத்தின் பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு, மற்றவை ஒத்துக்கொண்ட எண்களை விட்டுவிட்டு, தனக்கென்று ஒதுக்கிய எண்களில் எழுத்துகளை அடுக்கி வைத்திருக்கிறது. அது கூடவே வந்தால் தமிழ். வராவிட்டால் எந்தக் கைபேசிக்கும் அந்த எண்கள் என்னவென்று தெரியாது, கட்டம்தான் போடும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எழுத்துரு புதிதாக இறங்க வேண்டும். அது கனமானது. இங்கே சிக்னல் ஒரு கோடு. விரலால் அழுத்திய செய்தி இலேசானதால் போய்விடும். எழுத்துரு பாதி வழியில் நின்றுவிடும்.

“ஆளு வந்துட்டாரு, அவரு மூட்டை இன்னும் பஸ்ஸுலயே இருக்கு,” என்றார் ஷமீரா. பூவம்மாள் சிரித்துவிட்டார்.

பஞ்சநதம் சிரிக்கவில்லை. அந்த எழுத்துருவைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். சங்கத்தின் அறிவிப்புகள் எல்லாம் அதில்தான் வரும். அதன் வளைவுகள்மேல் அவருக்கு ஓர் ஆசை. ஆனால் அவரை வாட்டியது அதுவன்று.

ஷமீரா அப்போதுதான் பையிலிருந்து சோதனைத் தாளை எடுத்துப் பிரித்தார். ஒன்றாம் மடை: சரி. இரண்டாம் மடை: சரி. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் நேரம் அச்சாகியிருந்ததைப் பஞ்சநதம் அன்றுவரை கவனித்ததில்லை. முதல் மடைக்கு எட்டு மணி பத்து நிமிடம். பதினோராம் மடைக்கு எட்டு மணி பத்தொன்பது நிமிடம். மே மாத வெயிலுக்குப் பயந்து, மடையருகே நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு செயலியில் இன்னும் சேர்க்கப்படாதிருந்த அந்தக் காலையில், வீட்டில் காபி குடித்துக்கொண்டே, வைஃபையில், பதினொன்றையும் அவர் முடித்திருந்தார்.

ஷமீராவின் விரல் கடைசி வரியின் ஓரத்தில் வந்து நின்றது. அவர்கள் நடந்து வந்த கரையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். நடக்க ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. பூவம்மாள் மடையில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஷமீரா தாளை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்துப் பஞ்சநதத்திடம் நீட்டினார்.

“இது எனக்கு வேண்டியதில்லண்ணே.”

பஞ்சநதத்தின் காது மடல் சுட்டது. “‘வீட்டுல சோதிச்சேன்’னு கூட்டத்துல நானே சொல்லிடுறேம்மா,” என்றார் தாழ்ந்த குரலில். “ரெண்டு வார்த்தை. உங்களுக்கு நான் பாக்கி.”

“முதல்ல அக்காவுக்குத் தண்ணி வரட்டும்.”

வியாழன் மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கட்டடம் நிறைந்திருந்தது. ராஜராஜன் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். “பத்து மடைக்காரனுக்கும் தெரியற எழுத்து, ஒருத்தங்களுக்கு மட்டும் தெரியலையாம். கண்ணாடியை மாத்தச் சொல்லுங்கப்பா,” என்றார். சிலர் சிரித்தார்கள்.

“உங்க வயல்ல பாஞ்ச தண்ணி உங்களைப் பேச வைக்குது,” என்றார் பூவம்மாள், அவரைத் திரும்பிப் பாராமல்.

ஷமீரா ஒரு பக்க அறிக்கையை வாசித்தார். பிறகு, எழுத்துரு இறங்காதபடி செய்த ஒரு கைபேசியை ராஜராஜனின் கையில் கொடுத்தார். “மடையில இப்படித்தாங்க தெரியும். உங்க வயலுக்கும் அதே மடைதான். தண்ணி கேக்குற பொத்தான் எதுன்னு சொல்லுங்க.”

ராஜராஜன் கைபேசியைக் கிட்டத்தில் பிடித்தார், எட்டத்தில் பிடித்தார். விரலை ஒரு பொத்தானின்மேல் கொண்டுபோய், அழுத்தாமல் எடுத்துக்கொண்டார். மேலிருந்த காலைக் கீழே இறக்கினார்.

“தெரியலீங்களே,” என்றார் கடைசியில். பிறகு அவரே சொன்னார்: “சனிக்கிழமை முதல் முறையை அந்தம்மாவுக்கே போடுங்க.”

பட்டியலில் பூவம்மாளின் பெயர் ஏறியது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: “இதை யாருப்பா சோதிச்சது?”

பஞ்சநதம் எழுந்தார். தாள் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. எழுந்து நின்ற அந்தச் சில நொடிகளில் அறையிலிருந்த முகங்கள் எல்லாம் அவருக்குக் கட்டம் கட்டமாக, உள்ளே எழுத்தில்லாமல் தெரிந்தன. தாள் இருந்த பையைக் கையால் மூடிக்கொண்டார்.

“சோதிச்ச அன்னைக்கு எழுத்து வந்திருக்குங்க,” என்றார் ஷமீரா, டின்னை மூடிக்கொண்டே. “எங்க நின்னு பார்க்கிறோமோ, அதைப் பொறுத்தது.” அதில் பொய் ஏதும் இல்லை. கூட்டம் அடுத்த பொருளுக்குப் போய்விட்டது. பஞ்சநதம் உட்கார்ந்தார்.

அன்றே ஷமீரா வாசகங்களை எல்லாக் கைபேசிகளுக்கும் தெரிந்த எண்களுக்கு மாற்றி, எழுத்துரு வராவிட்டாலும் கைபேசியின் சொந்த எழுத்திலேயே தெரியும்படி செய்தார். சனிக்கிழமை காலையில் பூவம்மாள் படித்துப் பார்த்தே அழுத்தினார். மறுநாள் அந்த வெற்றுக் கட்டத்தில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டார்கள். பஞ்சநதம் கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார். நாற்றுகள் நீரில் ஒவ்வொன்றாக ஊன்றப்பட, வயல் ஓர் ஓரத்திலிருந்து எழுத்தாகி வருவதுபோல் இருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு பருவத்திலும், முறை தொடங்குவதற்கு முந்தைய நாள், பஞ்சநதம் பதினொரு மடைகளுக்கும் நடக்கிறார். கடைசி மடையின் சிமெண்டுக் கட்டைமேல் உட்கார்ந்து ஷமீராவுக்கு எழுதுகிறார்: “பதினோராம் மடையில் நிற்கிறேன். எழுத்து தெரிகிறது.” ஒரு கோட்டுச் சிக்னலில் அது போய்ச் சேர நேரமாகும். அதுவரை கசிவு நீரின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பார். “நல்லதுண்ணே” என்று பதில் வரும். வேறொன்றும் இருக்காது.

மன்னார்குடியில் எத்தனையோ முறை ஷமீராவை அவர் சந்தித்திருக்கிறார். சங்கத்தின் அறிவிப்புகளுக்காக அந்த மாடிப்படி ஏறியிருக்கிறார், தேநீர் குடித்திருக்கிறார். நாற்று எப்படி, மழை எப்படி, பூவம்மாள் அக்கா சுகமா என்றெல்லாம் ஷமீரா கேட்பார். சோதனைத் தாள் இன்னும் அதே மடிப்போடு பஞ்சநதத்தின் பெட்டியில் இருக்கிறது. கூட்டத்தில் சொல்வதாகச் சொன்ன அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் ஷமீரா ஒருநாளும் கேட்டதில்லை.