ஒரு கொக்கி போதும் என்றேன்

லொறியை வாங்கிய அன்று அதில் லீக்ஸ் வாசம் அடித்தது. நுவரெலியாப் பக்கத்திலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டிருந்த சின்ன லொறி. என் வீட்டுக்காரர் அதை மூன்று முறை சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்த்து, "நல்ல வண்டி" என்றார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். சுத்தம் எனக்கு ஒரு வியாதி மாதிரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

அவர் ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். தேயிலைக்குள் பாம்பு, கூரையில் குளவி, தொழிற்சாலை முகட்டில் மரநாய் என்றால் தோட்டத்தில் முதலில் அவரைத்தான் தேடுவார்கள். அங்கே அதைச் சும்மா செய்தார். கண்டிக்குக் குடிவந்த பிறகு அதுவே தொழிலாகிவிட்டது. கண்டியில் வீடு கட்டுகிறவர்கள் கீழே தங்களுக்கு ஒன்றும் மேலே மிருகங்களுக்கு ஒன்றும் கட்டுகிறார்கள் என்பது என் கணிப்பு. ஓட்டின் மேல் குரங்கு, ஓட்டின் கீழ் மரநாய். மரநாயை உகுடுவா என்று சிங்களத்தில் சொல்லித்தான் முக்கால்வாசிப் பேர் ஃபோன் எடுப்பார்கள்.

முதலில் மிருகம் பிடிக்கும் கம்பிக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீலில்தான் போய்வந்தார். ஒரு நாள் உள்ளேயிருந்த மரநாய் பயத்தில் சீட்டெல்லாம் நனைத்துவிட்டது. அதோடு எங்கள் தெருவில் எந்த த்ரீவீலும் அவருக்கு நிற்பதில்லை. ஆகவே லொறி. நானும் டவுனில் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்துகொண்டேன். மிருகத்தின் குணம் அவருக்குத் தெரியும். சொந்தக் கண்ணாடியை எங்கே வைத்தார் என்று தெரியாது. அந்த இடத்தில்தான் நான் தேவைப்பட்டேன்.

ஒரு கொப்பியில் பட்டியல் எழுதினேன். கூடு பெரியது இரண்டு, சிறியது மூன்று. பாம்புக்குக் காற்றோட்டமான பெட்டி, வெளியே பூட்டு. லொறிக் கூரைக்கு மேல் ஏணி. ஓட்டை அடைக்கக் கம்பி வலை, ஆணி, சுத்தியல். தண்ணீர் கான், டோர்ச், கயிறு, தறப்பாள். கூடுகள் வளைவில் உருண்டு கடகடக்காமல் தளத்துக்கு ரப்பர் விரிப்பு. மிருகத்துக்குப் பாதிப் பயம் சத்தத்தில்தான் வருகிறது என்று அவர் சொன்னதால் அதற்கு இரண்டு கோடு போட்டேன். கடைசியில் ஹெல்மெட் ஒன்று, முழங்கை வரை வரும் தடித்த கிளவ்ஸ் ஒரு சோடி, பூட்ஸ் ஒரு சோடி.

அக்குறணையில் வெல்டிங் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனிடம், எல்லாருக்கும் அவர் நானா, லொறியை விட்டோம். பட்டியலைக் கையில் வாங்கிப் பொறுமையாக வாசித்தார். எதையும் சும்மா தலையாட்டிக் கேட்கிற ஆளில்லை.

"ஏணிக்கி மேல ரெண்டு கம்பி போட்டுத் தாரன். கூட்டுக்கு ரெண்டு தட்டு. இந்த ஹெல்மெட், கிளவ்ஸ் மாட்டக் கொக்கி எத்தின போடட்டும், தங்கச்சி?"

"ஒன்னு போதும் நானா."

என்னைப் பார்த்தார். லொறியைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

லொறி திரும்பி வந்தபோது பார்க்க அழகாக இருந்தது. எல்லாவற்றுக்கும் ஓர் இடம், ஒவ்வோர் இடத்திலும் அந்தப் பொருள். சாரதிப் பக்கம் உயரத்தில் கொக்கி. இடது கதவுப் பக்கம் சற்றுத் தாழ்வாக இன்னொரு கொக்கி. நான் உட்காரும் பக்கமாயிற்றே, கைப்பை மாட்டப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். மனுசருக்கு என்ன கரிசனை என்று சொல்லிக்கொண்டு அன்றைக்கே பையை மாட்டினேன்.

ஒரே ஒரு பொருளில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. கண்டி மார்க்கெட்டில் பழக்கடைக்காரர் எறிந்த ஒரு சாக்கு. அழுகிய வாழைப்பழமும் பலாச்சுளையும் ஊறி ஊறி, பக்கத்தில் போனால் கண் கரிக்கும். அதை அவர் ஆசையாக மடித்து ஏணியோடு கட்டி வைத்திருந்தார். நான் குப்பையில் போடுவேன், அவர் எடுத்துக்கொண்டு வருவார். இப்படி நாலு தடவை நடந்தது.

புது வண்டிக்குப் பூசை போடாமல் எடுக்க முடியுமா? பிள்ளையார் கோயிலில் ஐயர் லொறிக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி அனுப்பிவைத்தார். ஐயர் வண்டிக்கு மட்டும்தான் செய்தார். கூடுகளுக்கு நான் செய்தேன். தொழில் செய்யப்போவது கூடுதானே? ஐந்து கூட்டையும் வாசனைச் சவர்க்காரத்தில் கழுவி, காயவைத்து, கம்பிக்குக் கம்பி சந்தனம் குங்குமம் வைத்து, உள்ளே சாம்பிராணி போட்டுப் புகை பிடித்தேன். பன்னீரும் தெளித்தேன். அவர் வாசலில் நின்று பார்த்தார்.

"இவ்வளவு தேவையா?" என்றார்.

"நீங்க சும்மா இருங்க" என்றேன். அவர் சும்மா இருந்தார்.

முதல் வேலை ஒரு திங்கட்கிழமை வந்தது. யாழ்ப்பாணத்தவரான, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். டவுனுக்கு மேலே மலைச்சரிவில் பழைய வீடு, தனியாக இருந்தார். சீலிங்குக்கு மேல் மரநாய் ஓடுகிறது, பலகையெல்லாம் ஈரக்கறை. சனிக்கிழமை வெளிநாட்டிலிருந்து மகன் கைக்குழந்தையோடு வருகிறாராம்.

"மகன் சொல்லிப்போட்டார், வெள்ளி பின்னேரத்துக்குள்ள அது போகாட்டி பக்கத்து வீட்டு ஆளைக் கொண்டு நஞ்சு வைப்பிக்கிறாராம்" என்றார் டீச்சர். "எனக்கு விருப்பமில்லை, பிள்ளை. இந்த வீட்டில நான் ஒரு சீவனையும் கொண்டதில்லை. ஆனா குழந்தை வருகுது, என்னால மறிக்கேலாது."

"வெள்ளிக்கு முன்னுக்குப் புடிச்சிருவோம் டீச்சர்" என்றேன். பேச்சில் எனக்கென்ன குறைச்சல்.

வனஜீவராசி அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டு, சுவரோரம் அது இறங்கும் வழியில் கூட்டை வைத்தோம். உள்ளே மிதிபலகைக்குப் பின்னால் பழுத்த வாழைப்பழம். மிதித்தால் கதவு விழும்.

செவ்வாய் காலை போனால் பழம் அப்படியே இருந்தது. புதன் காலையும் அப்படியே. கூட்டைச் சுற்றி ஈர மண்ணில் கால் தடம் மட்டும் தெரிந்தது. வந்திருக்கிறது, சுற்றியிருக்கிறது, போயிருக்கிறது. நான் பழத்தை மாற்றினேன். கூட்டை இன்னொரு முறை சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பக்திக்கு ஒரு ஊதுபத்தியும் கொளுத்தி வைத்தேன். வியாழக்கிழமை காலை கால் தடம்கூட இல்லை.

பக்கத்து வீட்டு ஆள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாளை பின்னேரம் நஞ்சு. மேலே இருக்கும் சீவன் சுருண்டு விழும். நாங்கள் வாக்குக் கொடுத்து வைத்தோம், அவ்வளவுதான் மிச்சம்.

டீச்சர் தேத்தண்ணீரோடு வந்தார். கூட்டருகே குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பிள்ளை, உந்தக் கூட்டுக்குள்ள கோயில் மணம் வருகுது."

"ஓம் டீச்சர், பூசை போட்டதுதான்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அது சாப்பிட வாற சீவன், பிள்ளை. கும்பிட வாற சீவன் இல்லை."

என் வீட்டுக்காரர் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அவர் சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், சிரிக்கவுமில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, நான் பிள்ளையாரையே பிடித்துக் கூட்டுக்குள் வைத்து, மரநாயை வெளியே நிறுத்தியிருந்தேன்.

"தெரிஞ்சா ஏன் முதல்லயே சொல்லல?" என்று அவரிடம் பாய்ந்தேன்.

"சொன்னேனே. நீதான் சும்மா இருக்கச் சொன்ன."

கூட்டை இழுத்துக்கொண்டு தோட்டத்து மூலைக்குப் போனேன்.

அந்தப் பகலில் நான் செய்ததை என் அம்மா பார்த்திருந்தால் என்னை வீட்டுக்குள் எடுத்திருக்க மாட்டார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சந்தனத்தை மணல் போட்டுத் தேய்த்து எடுத்தேன். தோட்டத்து மண்ணையும் சருகையும் கம்பியில் அப்பினேன். பிறகு ஏணியில் கட்டியிருந்த அந்தச் சாக்கை நானே அவிழ்த்து, கூட்டின் உள்ளும் புறமும் அழுத்தித் துடைத்து, அடியில் விரித்தேன். என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

வெள்ளி காலை கதவு விழுந்திருந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு மரநாய், சாக்கின் மேல் சுருண்டு கிடந்தது. நான் கை தட்டப் போனேன். அவர் குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை.

"பால் கொடுக்கிற தாய். மேல குட்டி இருக்கு."

காது கொடுத்தால் மேலே மெல்லிய கீச்சுக் குரல் கேட்டது. எங்கள் கூட்டில் தாய், மேலே பசித்த குட்டிகள், பின்னேரம் நஞ்சு. நாங்கள் பிடிக்காமலே இருந்திருந்தால் தாயாவது அவற்றோடு இருந்திருக்கும் என்றுகூடத் தோன்றியது.

சீலிங்கில் ஏறும் வழி ஒரு சின்னச் சதுரம். அவர் தலையும் ஒரு தோளும் போயின, மற்றத் தோள் போகவில்லை. கொழுந்து லொறி ஓட்டிய உடம்பு. மூச்சை இழுத்துப் பார்த்தார், சாய்ந்து பார்த்தார். இறங்கி வந்து என்னைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"தாங்க" என்று கையை நீட்டினேன்.

ஹெல்மெட் என் கண் வரை இறங்கியது. கிளவ்ஸுக்குள் என் கை இரண்டு தலையணை உறைக்குள் போன மாதிரி ஆடியது, ஒரு விரலை மடக்க முடியவில்லை. பூட்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்த லொறியில் பாம்புக்குக்கூட அளவாய்ப் பெட்டி இருந்தது. எனக்கு எதுவுமில்லை. பட்டியல் எழுதியது நான்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதைத்தான்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் காலோடு ஏறினேன். புடவையில்லை, நல்லவேளை, சட்டை காற்சட்டைதான். கூட்டுக் கம்பி இடுக்கால் சாக்கின் ஒரு பாதியை வெளியே இழுத்து, வெட்டிக் கையில் சுற்றிக்கொண்டேன். டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு முழங்காலில் ஊர்ந்தேன். தூசி, சிலந்தி வலை, பழைய பரீட்சைத் தாள் கட்டுகள். மூலையில் பஞ்சு மாதிரி மூன்று. கண் திறந்தும் திறக்காமலும். சாக்கை நீட்டியதும் தாயின் வாசம் பட்டதோ என்னவோ, தாமாகவே அதற்குள் முகத்தைப் புதைத்தன. ஒன்று மட்டும் வெளியே கிடந்த என் கட்டைவிரலைக் கடித்துப் பார்த்தது. வலித்தது, ஆனால் பல் பதியவில்லை. மூன்றும் உயிரோடு இருந்தன. அங்கேயே, அந்தத் தூசிக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

மத்தியானத்துக்குள் ஓட்டைகளைக் கம்பி வலையால் அடைத்தோம். அலுவலகத்தில் சொன்ன காட்டோரத்தில், ஒரு மரவேருக்கடியில் குட்டிகளைச் சாக்கோடு வைத்து, தாயின் கூட்டைப் பக்கத்தில் திறந்துவிட்டுத் தூர நின்றோம். வெகுநேரம் தயங்கியது. பிறகு வந்து ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்விக்கொண்டு புதருக்குள் போனது. மூன்றாவதையும் எடுத்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

மறு வாரம் அவர் கண்டி டவுனெல்லாம் அலைந்து, சின்ன அளவில் ஹெல்மெட், கிளவ்ஸ், பூட்ஸ் வாங்கி வந்தார். மேசையில் வைத்தார். கொப்பியைத் திறந்து, 'ஒன்று', 'ஒரு சோடி' என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் வெட்டி 'இரண்டு' என்று எழுதினேன்.

இன்னொரு கொக்கி போட வேண்டுமே என்று அக்குறணைக்குப் போனோம். நானா இடது கதவைத் திறந்து உள்ளே இருந்த கொக்கியைத் தொட்டுக் காட்டினார்.

"இன்னொன்டு என்னத்துக்கு? அதான் ஈக்குதே."

"அது பேக் மாட்ற கொக்கி நானா."

அவர் என் கைப்பையைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"பேக் மாட்டவா நான் இவ்வளவு தடிப்பில வெல்ட் பண்ணின? நீங்களும் வேலக்கிப் போற ஆள் தானே, தங்கச்சி."

ஹெல்மெட்டை அதில் மாட்டிப் பார்த்தேன். என் கை எட்டும் உயரம்தான். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கண்டி வரை வந்தேன்.